பாட்டே இல்லாத ஆல்பமா?

கேள்வி: பாடல் வரிகளே இல்லாத ஒன்றரை மணி நேர ராக் ஆல்பத்தை மகன் சிபாரிசு செய்கிறான். அதில் அப்படி என்னதான் இருக்கிறது?

பதில்: காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர் குழுவின் 'லிஃப்ட் யுவர் ஸ்கின்னி ஃபிஸ்ட்ஸ் லைக் ஆன்டெனாஸ் டு ஹெவன்' தானே? பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் சிலருடைய பாட்டே முடிந்துவிடும்! கனடாவின் மான்ட்ரியல் நகரத்து ஒன்பது பேர் 2000-இல் தந்த இரட்டை ஆல்பம். சுமார் 87 நிமிடம், நாலே உருப்படி. கிதார்களோடு வயலினும் செல்லோவும் உண்டு, பாடகர்தான் இல்லை.

ஆனால் மனிதக் குரல் இருக்கிறது. ஓரிடத்தில் பெட்ரோல் பங்க் ஒலிபெருக்கி அறிவிப்பு. மூன்றாவது உருப்படியான 'ஸ்லீப்' தொடங்கும்போது, ஒரு முதியவர் நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையை நினைவுகூர்கிறார்: அந்தக் காலத்தில் ஜனங்கள் இரவெல்லாம் மணலிலேயே தூங்குவார்களாம், இப்போது யாரும் தூங்குவதில்லையாம். அவர் பேசி ஓய்ந்ததும் கிதார் மெல்ல அழ ஆரம்பிக்கிறது. டிரம்ஸ் சேர்கிறது, வேகம் ஏறுகிறது, கடைசியில் மொத்தக் குழுவும் அந்தத் துக்கத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. இதற்கு மேல் எந்தக் கவிஞர் வந்து என்ன எழுத?

2013-இல் இந்தக் குழுவின் வேறொரு ஆல்பத்துக்குக் கனடாவின் போலாரிஸ் இசைப் பரிசு கிடைத்தபோது, பணத்தைக் கியூபெக் சிறைக்கைதிகளின் இசைக்கருவிகளுக்குத் தருவதாக அறிவித்தவர்கள் இவர்கள்.

முதலில் 'ஸ்டார்ம்' என்ற உருப்படியை மட்டும் கேளுங்கள், 22 நிமிடம்தான். மகனையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். நடுவில் எழுந்து போகிறவர் அவனாகவும் இருக்கலாம்!