சும்மா வெலை கேளு மச்சான்

ஆம்பூர் ஷூ கம்பெனியில இருந்த வரைக்கும் சூப்பர்வைசர் திட்டறான்னு அழுத. ரிட்டயர் ஆகி ஒடுகத்தூருக்கே வந்துட்ட, இப்போ திட்டக்கூட ஆளில்லைன்னு திண்ணையில குந்திக்கினு மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு கீற. இன்னாதான் மச்சான் வேணும் உனக்கு?

சந்தோசத்துக்கும் மார்க்கு கீதாம், பேரன் சொன்னான். 1985-ல டீனர்னு ஒரு அமெரிக்காக்காரரும் கூட்டாளிங்களும் அஞ்சு வாக்கியம் எழுதினாங்களாம். ஒவ்வொண்ணுக்கும் ஏழு வரைக்கும் மார்க்கு. கடைசி வாக்கியம், மறுபடி வாழ விட்டா எதையும் அவ்ளோவா மாத்த மாட்டேன்ற மாதிரி. நான் உன் அக்காவைக் கட்டறதுக்கு முன்னாடி ஒரு தரம் யோசிச்சிருப்பேன். அங்க போய் வத்தி வெச்சிடாத, ராத்திரி சோறு கெடைக்காது. நம்ம நாட்டுலயும் 2017-18-ல 45 வயசு தாண்டினவங்க, அவங்க ஜோடிங்கன்னு எழுபதாயிரம் பேருக்கு மேல வீடு தேடிப் போய் இதையே கேட்டாங்களாம்.

காசு முக்கியமில்லைன்னு நான் சொல்ல மாட்டேன். முதியோர் பென்சன்ல மாத்திரையா அரிசியான்னு தவிக்கறவங்ககிட்ட அப்படிப் பேசினா வெளக்கமாறுதான் வரும். உனக்குத்தான் பி.எஃப். பணம் வந்துச்சே!

ஹார்வர்டு யுனிவர்சிட்டிக்காரங்க 1938-லேர்ந்து அதே ஆளுங்களையும், அப்புறம் அவங்க புள்ளைங்களையும் விடாம கேட்டுக்கினு வர்றாங்க. அம்பது வயசுல சொந்தபந்தத்தோட நல்லா இருந்தவன்தான் எண்பதுலயும் திடமா கீறானாம். கொலஸ்டிரால் கணக்குகூட அவ்ளோ சரியா சொல்லலையாம். நீ மூணு மாசத்துக்கு ஒருதரம் கொழுப்பு டெஸ்ட்டுக்கு ஓடற. கூடப் பொறந்த தம்பியோட வரப்புச் சண்டையில பேச்சு வார்த்தை இல்ல. எந்தக் கொழுப்பை எறக்கறதுன்னு டாக்டருக்கு எப்படித் தெரியும்?

வெள்ளிக்கெழமை விடியறதுக்குள்ள ஆட்டுச் சந்தைக்கு வா. வாங்கறதுக்கில்ல. ஒரு கிடா வாயைப் பிரிச்சு கீழ்ப்பல்லைப் பாரு. ரெண்டு பல்லுதானான்னு மொகத்தைச் சுளி. முதுகெலும்பை அமுக்கிப் பாரு. அவன் பன்னெண்டாயிரம் சொன்னா ஏழுன்னு சொல்லிட்டு நடையைக் கட்டு. பின்னாடியே வரும் பாரு வசவு! எவ்ளோ நாளாச்சு உன்னை ஒருத்தன் மதிச்சுத் திட்டி.

உன் தம்பியும் ரெண்டு ஆடு ஓட்டிக்கினு வருவான். மாட்டு யாவாரிங்க கணக்கா கைமேல துண்டைப் போட்டு அவன் வெரலைப் புடிச்சு வெலை பேசு. வாயைத் தொறக்க வேண்டியதே இல்ல, ரெண்டு பேரு ரோசமும் அப்படியே இருக்கும். வெலையை மட்டும் ரொம்பக் கொறைச்சிடாத, அவன் பொண்டாட்டிக்கு பதில் சொல்ல என்னால ஆவாது.