பெருமாள் கூப்பிட்டார்

திருச்சி மன்னார்புரத்தில் வாடகைக்கு இருக்கும் மத்திய அரசு ஊழியர், தில்லியின் கணக்கில் ஒரு 'ஒய்' ஆசாமி. 50 லட்சமும் அதற்கு மேலும் ஜனங்கள் உள்ள ஊர் எக்ஸ், 5 லட்சம் முதல் 50 லட்சத்துக்குள் ஒய், மிச்சமெல்லாம் இசட். அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்ட 2024 ஜனவரியிலிருந்து வீட்டு வாடகைப்படி முறையே 30, 20, 10 சதவீதம். தலை எண்ணியது 2011-இல். அதற்குப் பின் பிறந்த பிள்ளைகள் வீட்டில் இடம் அடைப்பதில்லை போலும்.

ஆக, அடிப்படைச் சம்பளம் 50,000 என்றால் சென்னையில் 15,000, இங்கே 10,000. கோயம்புத்தூரும் ஒய், ஈரோடும் ஒய்தான். காந்திபுரத்து வீட்டுக்காரரிடம் இந்தச் சுற்றறிக்கையை நீட்டிப் பேரம் பேசிப் பாருங்கள்!

அகவிலைப்படி மட்டும் ஊர் பார்ப்பதில்லை. மும்பைக்கும் மணப்பாறைக்கும் ஒரே விகிதம். பென்ஷன்காரருக்கும் அதே விகிதம் உண்டு, வாடகைப்படிதான் கிடையாது. சென்னையிலேயே ஆயுசைக் கழித்தவர் ரிட்டையரானதும் ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிப் பக்கம் வீடு தேடும் ரகசியம் இதுதான். கேட்டால், "பெருமாள் கூப்பிட்டார் சார்" என்பார். இப்படி எல்லாரையும் பெருமாள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால், அங்கே வாடகை ஏறாமல் என்ன செய்யும்?

மன்னார்புரத்து வீட்டுக்காரர்களுக்குப் பெருமாள் தேவையில்லை. அகவிலைப்படி உயர்வு டிவியில் ஓடினால் போதும். மறுநாள் காலை மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கும்.