கேரட் போடாதீர்கள்

அடுத்தவர் அடுப்பில் இருக்கும் பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்து, “ஒரு ஸ்பூன் கரம் மசாலா போட்டிருக்கலாமே” என்பவர்களுக்கு என்ன தண்டனை கொடுக்கலாம்? போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அன்று என் வீட்டுக்கு வந்த நம்மவர் டப்ளினிலேயே வீடு வாங்கிக் குடியேறிவிட்டார். கை மட்டும் இன்னும் அஞ்சறைப்பெட்டியை விட்டு வரவில்லை.

அடுப்பில் இருந்தது காடில். டப்ளின்காரர்களின் சொந்தச் சாப்பாடு. பன்றி சாசேஜ், பன்றி இறைச்சிச் சீவல், வெங்காயம், உருளைக்கிழங்கு, மிளகு, தண்ணீர், சிறுதீ. அவ்வளவுதான். சாசேஜை வறுக்கமாட்டார்கள். அது வெளிறிப்போய், குளத்தில் நெடுநேரம் ஊறிய விரல் மாதிரி மிதக்கும். கத்தோலிக்கர்களுக்கு அந்தக் காலத்தில் வெள்ளிக்கிழமை கறி ஆகாது. அதனால் வியாழனன்றே மிச்சம் மீதியை ஒரே பானையில் போட்டுத் தீர்த்தார்கள் என்பார்கள். தீர்ப்பதற்காகச் செய்த சமையலுக்கு எதற்கய்யா அழகு?

இருக்கட்டும். நான் எழுத உட்கார்ந்தது ஐரிஷ் ஸ்ட்யூவின் செய்முறையை. அதற்கு முன் கேரட்டைப் பற்றி ஒரு வார்த்தை.

ஆட்டின் கழுத்துக்கறி, உருளை, வெங்காயம், தண்ணீர்: பழைய ஆட்களுக்கு ஸ்ட்யூ இவ்வளவுதான். எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் இந்தக் கட்சி. கேரட் போட்டால் குழம்பு தித்திக்கும் என்பார், ஏதோ குடும்ப மானம் போன குரலில். மாடிவீட்டு அம்மாள் கேரட் கட்சி. “எங்கம்மா போட்டாங்க” என்பதற்கு மேல் அவரிடம் வாதம் கிடையாது. அதற்கு எதிர்வாதமும் கிடையாது. நடுநிலை என்று சொல்லிக்கொண்டு பார்லியைக் கொட்டுகிற மூன்றாம் அணி ஒன்று உண்டு. டர்னிப் போடுகிறவர்களை இரண்டு கட்சியும் சேர்த்துக்கொள்வதில்லை. கின்னஸ் ஊற்றுகிறவர்கள் மாட்டுக்கறிக்காரர்கள். அவர்கள் வேறு தொகுதி. இத்தனை பேரும் ஒன்றை மட்டும் மறந்துவிடுகிறார்கள். குழம்பைக் கெட்டியாக்குவது கிழங்குதான். ரூஸ்டர் மாதிரி மாவுக்கிழங்கு பாதி கரைந்து குழம்போடு சேர வேண்டும். அதைக் கவனிக்காமல் கேரட்டுக்கு ஓட்டெடுப்பு நடத்துகிறார்கள். கேரட் இல்லாமலே குழம்புக்கு நிறம் வராதா என்று கேட்டால், வராது. வர வேண்டிய அவசியமும் இல்லை.

எங்கே விட்டேன்? செய்முறை. சொல்கிறேன்.

நம்மவர் அதற்குள் சோடா ரொட்டிப் பக்கம் நகர்ந்துவிட்டார். “மாவைக் கொஞ்ச நேரம் ஊறவைங்க, புளிக்கட்டும்.” இட்லிமாவா இது? மோரின் புளிப்பு சமையல் சோடாவைத் தொட்டதும் நுரைக்கிறது. அந்த நுரை அடங்குவதற்குள் கையால் சட்டென்று சேர்த்து உருட்டி, மேலே சிலுவைக் கீறல் போட்டு ஓவனுக்குள் தள்ளிவிட வேண்டும். ஈஸ்ட்டும் வேண்டாம், ஆலோசனையும் வேண்டாம்.

கடைசியில் கோல்கேனன். மசித்த உருளையில் முட்டைக்கோஸைக் கிளறி, நடுவில் குழி பறித்து வெண்ணெய் விட்டிருந்தேன். “கடுகு தாளிச்சா ஜம்முனு இருக்கும். இவங்க சாப்பாடே உப்புச்சப்பில்லைங்க.” எனக்குச் சுருக்கென்றது. 1845இல் இந்தக் கிழங்கில் நோய் விழுந்து, தொடர்ந்த பஞ்சத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் செத்த நாடு இது. கிழங்கை வெண்ணெயும் உப்புமாக, வேறெதுவும் சேர்க்காமல் தின்ன அவர்களுக்கு உரிமை இருக்கிறது. இதைச் சொல்லவும் செய்தேன். அவர் பையிலிருந்து ஊறுகாய்ப் பாட்டிலை எடுத்தார்.

ஸ்ட்யூ செய்முறைக்கு இனி இடமில்லை. எப்படியோ செய்துகொள்ளுங்கள், கேரட் மட்டும் போடாதீர்கள்.