ஐம்பதாம் பக்கத்து அண்ணன்

பிரிக்ஃபீல்ட்ஸில் நாலு பேர் கூடித் தடித்த நாவல் ஒன்றைப் படிக்கத் தொடங்கினால், ஐந்தாவதாக ஒருவர் வந்து சேருவார். வயது அறுபதை ஒட்டி இருக்கும். கிள்ளானிலிருந்து வருவார். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட புத்தகம், சட்டைப் பையில் இரண்டு பேனா. ஐம்பதாம் பக்கத்தில் ஒரு பட்டு நாடா. அந்த நாடா நகர்ந்து யாரும் பார்த்ததில்லை.

முதல் ஐம்பது பக்கத்தை அவரைப்போல் படித்தவர் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே கிடையாது. நக்கலுக்குச் சொல்லவில்லை. பென்சில் கோடு, பேனாக் கோடு, ஓரமெல்லாம் குறிப்பு. முன்னுரையில் எழுத்தாளர் யார் யாருக்கு நன்றி சொன்னார் என்று கேளுங்கள், வரிசை பிசகாமல் ஒப்பிப்பார்.

கூட்டம் ஞாயிறு காலை பத்து மணிக்கு என்றால் பதினொன்றுக்கு வருவார். "கூட்டரசு நெடுஞ்சாலையில டோல்கிட்ட ஒரே ஜேம், தம்பி." பத்து தீகாவிலும் சுங்கை ராசாவிலும் டோல் வசூலை 2018 ஜனவரி முதல் தேதியே நிறுத்திவிட்டார்கள். அண்ணன் மட்டும் இன்னும் அந்த வரிசையில் நிற்கிறார். கொமுட்டரில் ஏறினால் கே.எல். சென்ட்ரலில் இறங்கி நடந்தே வந்துவிடலாமே என்றால், ரயிலில் படிக்க வேண்டி வருமே என்று அஞ்சுகிறாரோ என்னவோ, பேச்சை மாற்றிவிடுவார்.

ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' படித்த காலம்தான் அவருடைய பொற்காலம். 1997இல் வந்த அந்த நாவலுக்கு ஸ்ரீபாதம், கௌஸ்துபம், மணிமுடி என்று மூன்று பாகம். அண்ணன் ஸ்ரீபாதத்தைச் சரணடைந்தார், எழுந்திருக்கவே இல்லை. நாங்கள் கௌஸ்துபத்தில் பவதத்தரும் அஜிதரும் மோதும் தர்க்கத்தில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தோம். குழுவில் இளையவளான தங்கச்சி ஒருத்தி, "அண்ணே, நீங்க அஜிதர் பக்கமா?" என்று கேட்டுவிட்டாள். வேறொருவர் என்றால் விழித்திருப்பார். அண்ணன் தே தாரிக்கை மெதுவாக உறிஞ்சினார்.

"ரெண்டாம் பாகம் முதல் பாகத்துக்கு எத்தனையோ காலம் முந்தி நடக்குதுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க? கதையே பின்னால போகுது. நான் மட்டும் ஏன் முன்னால போகணும்?"

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை எடுத்தபோது அவர் உயரம் இன்னும் கூடியது. 1972இல் வந்த அந்த நாவலில் ஜப்பானியர் காலத்து மெடானும் பினாங்கும், பாண்டியன் மனசுக்குள் ஓடும் பேச்சும், நடுநடுவே மலாய்ச் சொற்களும் பின்னிக் கிடக்கும். தமிழ்நாட்டு வாசகர் அடிக்குறிப்பு தேடும் இடத்தில் அண்ணன் பசியாறிக்கொண்டே அர்த்தம் சொன்னார். முதல் இரண்டு வாரம் அவர்தான் எங்களுக்கு வாத்தியார். பிறகு தொங்கானில் புயலைக் கடந்து எல்லாரும் பினாங்கு போய்ச் சேர்ந்தோம். அண்ணன் மெடான் கரையிலேயே நின்று கையசைத்தார்.

ஒருநாள் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், கலிஃபோர்னியாவில் வெனிஸ் என்ற இடத்து வாசகர் வட்டத்தைப் பற்றிச் சொன்னார். ஜேம்ஸ் ஜாய்ஸின் 'ஃபின்னகன்ஸ் வேக்'கை 1995இல் தொடங்கி, மாதத்துக்கு ஓரிரு பக்கமாகப் படித்து, 2023 அக்டோபரில்தான் முடித்தார்களாம். அறுநூற்றுச் சொச்சம் பக்கத்துக்கு இருபத்தெட்டு வருடம்! கடைசி வாக்கியம் முதல் வாக்கியத்தில் போய்ச் சேருகிற நாவல் அது. அதனால் முடித்த கையோடு திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார்கள் என்றார்.

அண்ணன் முகம் மலர்ந்தது. "இருபத்தெட்டு வருசம் படிச்சுட்டு வந்து சேர்ந்த இடம் முதல் பக்கமா? நான் அங்கதானே டீச்சர் உட்கார்ந்திருக்கேன்!"

இவரை வெளியே அனுப்ப ஒருமுறை பேச்சு எழுந்தது. எழுப்பியவர் நாவலை இரண்டு தடவை படித்து முடித்தவர். அடுத்த மாதமே அவர் வருவதை நிறுத்திவிட்டார். படித்து முடித்தவருக்கு வட்டம் எதற்கு? சண்டை ஒன்று போட்டுவிட்டு வீட்டில் தனியாகப் படித்துக்கொள்வார். முடிக்காதவர்தான் ஒரு வாரமும் தவறாமல் வருகிறார். கூட்டம் முடிந்ததும் அறையைப் பூட்டிச் சாவியைத் திருப்பிக் கொடுப்பது அவர், வடைக்குக் காசு கொடுப்பது அவர், கார் இல்லாதவர்களைத் தன் பெரோடுவாவில் ஏற்றிக்கொண்டு போய் வீட்டு வாசலில் இறக்கிவிடுவது அவர். காலை ஆறு மணிக்குப் புலனத்தில், "பசியாறிட்டீங்களா? எந்தப் பக்கத்துல இருக்கீங்க?" என்று எல்லாரையும் எழுப்புவதும் அவரே. அதே கேள்வியை அவரிடம் திருப்பிக் கேட்டால் மட்டும் கும்பிடும் கை ஒன்று வரும்.

அடுத்து எதைப் படிக்கலாம் என்று சென்ற கூட்டத்தில் பேச்சு வந்தது. சிறிய நாவலாகப் பார்ப்போமே என்று கெஞ்சினார் டீச்சர். அண்ணன் எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வெண்முரசு."

அறையே அதிர்ந்தது. ஜெயமோகன் 2014 ஜனவரியில் தொடங்கி 2020 ஜூலை வரை அன்றாடம் எழுதிய மகாபாரதம் அது. இருபத்தாறு நாவல்கள்.

"ஏன் அண்ணே இந்த விஷப் பரீட்சை?" என்றாள் தங்கச்சி.

அவர் கணக்கை முன்பே போட்டு வைத்திருந்தார். "இருபத்தாறு நாவல்னா முதல் அம்பது பக்கம் இருபத்தாறு தடவை வரும்மா. ஆயிரத்து முந்நூறு பக்கம்! இங்க யாரு அவ்வளவு படிச்சிருக்கீங்க, கைதூக்குங்க பார்ப்போம்?"