இரண்டு தலை ஒன்றாகும் வரை

யாழ்ப்பாணத்துக் கலியாண மண்டபங்களில், கூலிக்கு வந்த படப்பிடிப்பாளருக்கும் மணவறைக்கும் நடுவே தோல்வார்க் கமராவுடன் நின்று இரு பகுதியாரின் வெறுப்பையும் ஒருங்கே சம்பாதிப்பவர் தூரமானிக் கமராக்காரர். தூரமானிக் கமரா என்பது, படம்பிடிக்கும் வில்லையின் ஊடாக அன்றி, அதற்கு மேலுள்ள தனிச் சாளரத்தின் ஊடாகக் காட்சியைப் பார்க்கும் கருவியாகும். அச்சாளரத்தின் நடுவில் ஓர் உருவம் இரண்டாகத் தெரிய, வில்லையின் வளையத்தைத் திருகி இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால் படம் தெளிவாக விழும். பழகிய கைக்கு இது நொடிப்பொழுது வேலை, இவருக்கோ தவம்.

“அசையாதேங்கோ” என்ற கட்டளையுடன் தவம் தொடங்கும். மாப்பிள்ளையின் தலைப்பாகை இரண்டாகத் தெரிவதால் வளையம் இடப்பக்கம் திரும்பும், இரண்டும் ஒன்றாகும் கணத்தில் மாப்பிள்ளை தும்முவார், மறுபடியும் இரண்டாகும். பின்வரிசையில் நிற்போரின் சிரிப்பு வாடி முறைப்பாக மாறும். முன்வரிசைக் குழந்தை அழுது ஓய்ந்து மடியிலேயே உறங்கிவிடும். முதற்பந்தி எழும்பி இரண்டாம் பந்திக்கு இலை விழும். “அண்ணை, எடுத்தாச்சோ?” என்று எவரேனும் கேட்டால், சாளரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, “பொறும் தம்பி, இன்னும் ரெண்டு தலை” என்பார். ஈற்றில் ‘கிளிக்’ என்ற ஓசை கேட்டுச் சபை மூச்சு விடுகையில், வில்லையின் மூடி இன்னும் கழற்றப்படவில்லை என்பதை ஒரு சிறுமி சுட்டிக்காட்டுவாள். பார்க்கும் சாளரமும் பிடிக்கும் வில்லையும் வெவ்வேறானமையால் மூடி கிடப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. இது இக்கருவிக் குலத்துக்கே உரிய குறை எனினும், இவரிடத்தில் அது வழக்கமாகிவிட்டது.

1954இல் வெளிவந்த பெயர்பெற்ற தூரமானிக் கமராவான லைக்கா எம்3 கைக்கு எட்டாதபோது, 1932இன் லைக்கா 2ஐப் பார்த்துச் சோவியத் நாட்டில் செய்யப்பட்ட சோர்க்கியை வாங்கிக்கொண்டு அதற்கும் அதே குலப்பெருமை பேசுவதும், கடற்காற்றில் வில்லைக்குள் பூஞ்சணம் பிடித்ததோ என்று விளக்கொளியில் நாளும் தூக்கிப் பார்ப்பதும் இவரது ஏனைய இயல்புகள். ஆயினும் இவர் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு: முழுதும் பொறிமுறையால் இயங்கும் இக்கமராவுக்கு மின்கலம் தேவையில்லை, 1990களில் போரின்போது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் மின்கலம் கொண்டுவரத் தடையிருந்த காலத்தை அறிந்தவர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பதில்லை.

சிரிக்க முடியாத இன்னொன்றும் உண்டு. போரினால் யாழ்ப்பாண மக்கள் ஊரைவிட்டு வெளியேறிய 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில் அல்பங்களை வீட்டோடு விட்டுச் சென்ற குடும்பங்களுக்கு ஒரு பழைய முகம் கிடைப்பதே அரிது. அத்தகைய ஊரில், ஆண்டுக்கணக்காக எல்லாரையும் படம்பிடித்த இவர் ஒருவருக்கேனும் பிரதி கொடுத்ததில்லை. கேட்டால், “முப்பத்தாறும் எடுத்து றோல் முடியேல்லை” என்பார். அந்த றோலுக்குள் இருக்கும் ஆச்சிமார் சிலர் இதற்கிடையில் காலமாகிவிட்டனர். தலைகள் மங்கலாகவே விழுந்திருந்தாலும் குற்றமில்லை. றோலை இடையில் வெட்டியேனும் கழுவக் கொடுக்கட்டும். வீட்டாருக்கு ஆச்சியின் படம் வேண்டும்.