கை சொன்னபடி கேட்குமா?

(கோல்ஃப் ஸ்விங் பற்றிய வாசகர் கேள்விகள். பதில்களில் வரும் இடம், வலம் எல்லாம் வலக்கை ஆட்டக்காரருக்கு. இடக்கைக்காரர்கள் கண்ணாடியில் காட்டிப் படிக்கவும்.)

கே: பந்து அசையாமல் கிடக்கிறது. எதிரே பவுலரும் இல்லை. இதை நேராக அடிப்பதில் அப்படி என்ன கஷ்டம்?

ப: பந்து அசையவில்லை, நீங்கள் அசைகிறீர்களே! தொழில்முறை ஆட்டக்காரரின் 'டிரைவர்' கிளப் பந்தை அடையும்போது அதன் தலை மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் இருக்கும். கிளப் தலையின் முகமும் பந்தும் ஒட்டியிருப்பது அரை மில்லிசெகண்டுக்கும் குறைவு. அதற்குள் பந்து 1 டிகிரி விலகிக் கிளம்பினால், 250 கஜம் தாண்டி விழும்போது 4 கஜத்துக்கு மேல் தள்ளிப்போயிருக்கும். 4 டிகிரி என்றால் 17 கஜம். காற்றில் வளைவது தனிக் கணக்கு. பள்ளியில் படித்த டேன்ஜென்ட் எதற்கு உதவும் என்று கேட்டுக்கொண்டிருந்தீர்களே, இதற்குத்தான்.

கே: முகம் திரும்பியிருப்பது தெரிந்ததும் கையைத் திருப்பிச் சரிசெய்தால் போயிற்று!

ப: தெரிய வேண்டுமே. டவுன்ஸ்விங், அதாவது கிளப் உச்சியிலிருந்து பந்துக்கு இறங்குவது, மொத்தமே கால் செகண்ட். கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, தசைக்கு உத்தரவு போய்ச் சேரவே கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகிவிடும். 1968-ல் அலஸ்டர் கோக்ரனும் ஜான் ஸ்டாப்ஸும் பிரிட்டனில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 'தி சர்ச் ஃபார் தி பெர்ஃபெக்ட் ஸ்விங்' என்று ஒரு புத்தகம் போட்டார்கள். மோதிய அதிர்வை நீங்கள் உணர்வதற்குள் பந்து கிளம்பிவிடுகிறது என்றார்கள். மோதும் கணத்தில் கிளப்பின் தலை, கையோடு சம்பந்தமே இல்லாத தனி உருண்டை போலத்தான் நடந்துகொள்கிறது. ஆகவே கையை இயக்குவது என்பது அடிக்கும்போது செய்கிற வேலை அல்ல. முன்கூட்டியே அதற்குப் பாதையைப் பழக்கிவிட்டு, அப்புறம் குறுக்கே போகாமல் இருப்பது.

கே: தூரம் போக வேண்டுமென்றால் கையை வேகமாக வீச வேண்டும். இதிலாவது நான் சொல்வது சரியா?

ப: பாதி சரி. துவைகல்லில் ஈர வேட்டியை ஓங்கி அடிப்பவரைக் கவனியுங்கள். கை முன்னால் வந்து சற்றே நிதானிக்கும். அப்போதுதான் வேட்டியின் நுனி பாய்ந்து வந்து கல்லில் 'பளார்' என்று விழும். கோல்ஃபிலும் இதே இயக்கவியல்தான். தோளிலிருந்து கை ஓர் ஊசல், மணிக்கட்டிலிருந்து கிளப் இன்னோர் ஊசல். இரண்டும் சேர்ந்தால் இரட்டை ஊசல்.

டவுன்ஸ்விங்கின் தொடக்கத்தில் மணிக்கட்டு மடங்கியே இருக்கும். கிளப் ஒடுங்கியிருப்பதால் சுழற்றுவது சுலபம். கை இடுப்பருகே வரும்போது கிளப் வெளிப்பக்கம் விரியத் தொடங்கும். விரிகிற கிளப் கையைப் பின்னுக்கு இழுக்கும், அதன் ஆற்றலைத் தான் வாங்கிக்கொள்ளும். உச்ச வேகத்தில்கூடக் கை மணிக்குச் சுமார் 35 கி.மீ.தான் போகும், பந்தருகே வரும்போது அதுவும் குறைந்துவிடும். கிளப்பின் தலையோ அதைப்போல ஐந்து மடங்கு. கடைசி நேரத்தில் கையை முடுக்குகிறவர், கிளப்புக்குக் கொடுக்க வேண்டியதைத் தானே வைத்துக்கொள்கிறவர்.

கே: 'கையை இலக்கை நோக்கி நீட்டு' என்கிறார் என் கோச். அப்படி நீட்டினால் பந்து நேராகத்தானே போக வேண்டும்?

ப: வீடியோ எடுத்துப் பாருங்கள். யாருடைய கையும் இலக்கை நோக்கி நேர்க்கோட்டில் போவதில்லை. இறங்கும்போது கை உடம்பை விட்டுக் கொஞ்சம் வெளியே வரும். பந்தருகே வந்ததும் உள்பக்கமாகவும் மேலாகவும் வளைந்துவிடும். இந்த உள்ளிழுப்பு வீண் அல்ல. கை உள்ளே போக, கிளப்பின் தலை இன்னும் வேகம் பிடிக்கிறது என்று 2001-ல் மியூரா என்ற ஆய்வாளர் கணக்குப் போட்டுக் காட்டினார்.

அதற்காக உங்கள் கோச்சைக் குறை சொல்லவில்லை. அவர் சொன்னது வடிவியல் அல்ல, மருந்து. முழங்கையை மடக்கிக் கையைச் சீக்கிரமே உடம்புக்குள் சுருட்டிக்கொள்கிறவரிடம் 'நீட்டு' என்றால்தான் அவர் சரியான இடத்துக்கு வருவார். உங்களுக்கு அந்த நோய் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு மருந்தைச் சாப்பிடுங்கள்.

கே: நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஸ்விங் என்பது சாய்ந்த தளத்தில் வரைந்த வட்டம், அவ்வளவுதானே?

ப: கோல்ஃப் மேதை பென் ஹோகனும் ஏறக்குறைய அப்படித்தான் சொன்னார், சார். 1957-ல் வந்த அவருடைய 'ஃபைவ் லெஸன்ஸ்' புத்தகத்தில் பந்திலிருந்து தோள் வரை ஒரு கண்ணாடிப் பலகையைச் சாய்த்து வைத்து, அதில் ஓட்டை போட்டு ஆட்டக்காரரின் தலையை வெளியே நீட்டிய படம் இருக்கிறது. கையைத் தூக்கும்போது கண்ணாடி உடையக் கூடாது. ஆனால் இறங்கும்போது அந்தப் பலகையின் சாய்வு மாறும், திசையும் இலக்குக்குச் சற்று வலப்பக்கம் திரும்பும் என்று அவரே எழுதியிருக்கிறார். முப்பரிமாணத்தில் அளந்து பார்த்தால் கிளப்பின் தலை ஒரு தளத்திலும் கை வேறொரு தளத்திலும் போகின்றன. அதனால் வட்டத்துக்குப் பாதி மதிப்பெண். வட்டத்தின் மையமும் நகர்கிறதே, அதற்குத் தனியாக ஒன்று கழித்துக்கொள்ளுங்கள்.

கே: என் பந்து எப்போதும் வலப்பக்கம் வளைந்து ஓடுகிறது. அதனால் கையை இடப்பக்கமாக இழுத்து அடிக்கிறேன். இன்னும் அதிகமாக வளைகிறதே?

ப: வளையாமல் என்ன செய்யும்? பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கிளப்பின் முகம். வளைவைத் தீர்மானிப்பது, முகம் பார்க்கிற திசைக்கும் கிளப் போகிற பாதைக்கும் உள்ள கோணம். முகம் பாதைக்கு வலப்பக்கம் பார்த்தால் உங்கள் வலப்பக்க வளைவு, அதாவது ஸ்லைஸ். நீங்கள் பாதையை இடப்பக்கம் இழுக்க இழுக்க அந்தக் கோணம் விரிகிறது. நெருப்பை அணைக்க நெய்!

பழைய பயிற்சி நூல்கள் பல, பந்து பாதையின் திசையில் கிளம்பும் என்றே சொல்லிக்கொடுத்தன. ட்ராக்மேன் போன்ற ரேடார் கருவிகள் வந்த பிறகுதான் அந்தப் பாடம் பரவலாகத் திருத்தப்பட்டது. முதலில் முகத்தைச் சரிசெய்யுங்கள், பாதை அப்புறம்.

கே: முகத்தைச் சரிசெய் என்கிறீர்கள். எந்தக் கையால், எப்படி?

ப: படிப்பதை நிறுத்திவிட்டு இடக்கையை முன்னால் நீட்டுங்கள், கட்டைவிரல் மேலே இருக்கட்டும். மூன்று அசைவுகள். ஒன்று, கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டை மடக்கி இறக்குவது. சுத்தியலால் ஆணி அடிக்கும் அசைவு. இது வேகத்துக்கு. இரண்டு, முன்னங்கையைத் திருகுவது. கதவுக் குமிழைத் திருப்பும் அசைவு. மூன்று, புறங்கைப் பக்கமோ உள்ளங்கைப் பக்கமோ மணிக்கட்டை வளைப்பது. பின்னிரண்டும் முகத்தைத் திறக்கும், மூடும். இப்போது கையில் ஒரு ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதைச் செய்து பாருங்கள். உள்ளங்கைப் பக்கம் வளைத்தால் ஸ்கேலின் முகம் மூடிக்கொள்வது கண்ணுக்கே தெரியும்.

பின்வீச்சின் உச்சியில், தொழில்முறை ஆட்டக்காரர்களான டஸ்டின் ஜான்சனும் ஜான் ராமும் இப்படி உள்ளங்கைப் பக்கம் வளைப்பவர்கள். ஹூக் (இடப்பக்கம் வளையும் அடி) அடித்துத் தவித்த ஹோகன் நேரெதிராகப் புறங்கைப் பக்கம் வளைத்தார். 1955-ல் 'லைஃப்' பத்திரிகையில் அதையே தன் ரகசியம் என்று வெளியிட்டார். ஸ்லைஸ் அடிக்கிற நாம் அந்த ரகசியத்தைத் தெரிந்துகொள்ளாமலே இருந்திருக்கலாம்.

கே: கிரிப்பை எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது?

ப: 200 கிராம் தலை, செகண்டுக்கு 50 மீட்டர் வேகத்தில், ஒன்றரை மீட்டர் ஆரத்தில் சுற்றினால் வெளிப்பக்கம் இழுக்கிற விசை சுமார் 34 கிலோ எடைக்குச் சமம். அந்த இழுப்பு வரும்போது விரல்கள் உங்களைக் கேட்காமலே இறுகிவிடும். தொடக்கத்திலேயே இறுக்கிவிட்டால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும். இரண்டாவது ஊசல் வேலை நிறுத்தம் செய்துவிடும்.

கே: கிரிக்கெட்டில் கவர் டிரைவ் அழகாக வருகிறது. கோல்ஃபில் மட்டும் கை சதி செய்கிறதே?

ப: சதி கையில் இல்லை, கருவியில் இருக்கிறது. பேட்டில் கைப்பிடியும் பலகையும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றன. கோல்ஃப் கிளப்பின் தலை கம்பிக்குப் பக்கவாட்டில் துருத்திக்கொண்டு நிற்கிறது. கை கொஞ்சம் திருகினாலும் முகம் திரும்பிவிடும். தவிர, கவருக்கு அடித்தது பாயிண்ட் பக்கம் போனாலும் ரன் உண்டு. இங்கே போனால் பந்தைத் தேட வேண்டும்.

கே: ஸ்விங்கை உடம்பு நடத்துகிறதா, கை நடத்துகிறதா?

ப: தூரத்துக்குக் காலும் இடுப்பும் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் முதல் உலகப் போரில் வலக்காலை முழங்காலுக்குக் கீழே இழந்த எர்னஸ்ட் ஜோன்ஸ், அதன் பிறகும் நன்றாக ஆடினார். நியூயார்க்கில் புகழ்பெற்ற பயிற்சியாளராகவும் ஆனார். கைக்குட்டை நுனியில் பேனாக்கத்தியைக் கட்டி ஆட்டிக் காட்டுவார். ஆட்டினால் கத்தி கையோடு ஒழுங்காக வரும், தள்ளினால் கைக்குட்டை தொய்ந்துவிடும். அவர் பாடமே அதுதான்.

கே: இதற்கெல்லாம் ஜியோமெட்ரி புத்தகம் ஒன்று இருக்கிறதாமே, வாங்கலாமா?

ப: ஹோமர் கெல்லியின் 'தி கோல்ஃபிங் மெஷின்', 1969. சியாட்டில்காரர், போயிங்கில் வேலை பார்த்தவர். ஸ்விங்கை 24 உறுப்புகளாகப் பிரித்துப் போட்டார். இடது மணிக்கட்டு தட்டையாக இருக்கட்டும், கிளப்பின் தலை பின்தங்கி வருகிற அழுத்தத்தை விரல் உணரட்டும், தளத்தின் அடிக்கோடு நேராக இருக்கட்டும் என்று மூன்று கட்டளைகள். இளம் வயதில் இதைப் படித்த பிரைசன் டிஷாம்போ யு.எஸ். ஓபனை 2020, 2024 என இருமுறை வென்றார். வாங்கலாம். தூக்கம் வராதவர்களுக்கும் பலன் தரும்.

கே: நிலாவில் கோல்ஃப் ஆடியவருடைய ஸ்விங் எப்படி?

ப: 1971 பிப்ரவரியில் அப்போலோ 14-ல் போன ஆலன் ஷெப்பர்டின் விண்வெளி உடையில் இரண்டு கையும் சேர்ந்து ஸ்விங் செய்ய வழியில்லை. ஒற்றைக் கையால் அடித்தார். மைல் கணக்கில் போகிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டார். படங்களை வைத்து 2021-ல் அளந்தபோது சுமார் 40 கஜம் என்று தெரிந்தது. தூரத்தைக் கூட்டிச் சொல்வதற்கு ஈர்ப்புவிசை தடையில்லை.

கே: ஒரே ஒரு பயிற்சி சொல்லுங்கள்.

ப: அயர்ன் கிளப்பை எடுத்து இடுப்பு உயரம் வரை பின்னால், இடுப்பு உயரம் வரை முன்னால், பாதி வேகத்தில் ஆட்டுங்கள். பந்தைத் தொடும்போது கை பந்தைவிடச் சற்று முன்னால் இருக்க வேண்டும், இடது மணிக்கட்டு தட்டையாக இருக்க வேண்டும். கிளப் முதலில் பந்தையும் பிறகு புல்லையும் தொட்டால் கை பாடம் படித்துவிட்டது என்று அர்த்தம். திறந்த வெளியில் மட்டும் செய்யவும். ஹாலில் செய்து டி.வி. உடைந்தால் வீட்டில் என் பெயரைச் சொல்லாதீர்கள்.