பெருசு சொன்னா கேக்கவா போறீங்க

வாங்க கண்ணுங்களா, வாங்க. ரமணாசிரமத்தைத் தாண்டும்போதே உங்க சைலன்சர் சத்தம் அடி அண்ணாமலைக்குக் கேட்டுடுச்சு. சும்மா சொல்லக்கூடாது, பிரமாதம். தியானத்துல உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரங்க எல்லாம் ஒரே நேரத்துல கண்ணைத் தொறந்திருப்பாங்க. எத்தனையோ குருமாருங்களால முடியாத காரியம்.

வர்ற வழியில ஒரு தம்பி, "பெருசு, ஓரமாப் போ"ன்னான். ஓரமாத்தாம்பா போறேன். மலை சுத்துற ஜனம் மொத்தமும் இடது ஓரமாத்தான் போவும். மலையை ஒட்டின பக்கத்துல சித்தருங்க சூட்சுமமா நடக்குறாங்க, அவங்களுக்கு வழி விடணும்னு இங்க ஒரு ஐதீகம். அந்தப் பக்கம் காலியாத் தெரியுதேன்னு நீங்க ஓவர்டேக் பண்ணிகினு வர்றீங்க. சித்தருங்க மேல இடிச்சா ஒண்ணும் ஆவாது, கேஸும் போடமாட்டாங்க. ஆனா அதே பக்கத்துல எதிர்க்க வைக்கோல் டிராக்டர் ஒண்ணு வரும் பாரு, அது சூட்சுமமா வராது.

பௌர்ணமிக்கு வண்டியை விடமாட்டாங்க, மத்த நாள்ல ரோடு நம்மளுதுன்னு எவனோ உங்களுக்குச் சொல்லியிருக்கான். நல்லாத்தான் சொல்லியிருக்கான். நடுராத்திரியில கூட செருப்பில்லாம ஒருத்தர் நடந்துகினு இருப்பார். ஓரத்துல சாமியாருங்க படுத்திருப்பாங்க. காட்டுல இருந்து மான் குறுக்க ஓடும். குரங்குக்கு ஹாரன்னா என்னான்னே தெரியாது. உங்களுக்கும் அப்படித்தான், அடிக்கிறதுக்கு மட்டும் தெரியும்.

இந்த மலையைச் சுத்துறதுக்கு ஒரு நடை சொல்லி வெச்சிருக்காங்க. நிறைமாசக் கர்ப்பிணியா இருக்கிற ராணி எப்படி நடப்பாளோ, அப்படி நடக்கணும், 14 கிலோமீட்டரும். "நாங்க சென்னையில இருந்து 190 கிலோமீட்டர் வர்றோம் தாத்தா, ராணி மாதிரி வந்தா தீபத்துக்குத்தான் வந்து சேருவோம்"னு சிரிக்கிறீங்க. சிரிங்க. நான் வேகத்தைச் சொல்லல. ராணியோட நூறு பேர் போனாலும் எல்லாரும் அவ நடைக்குத்தானே நடப்பாங்க? உங்க கூட்டத்துல யாரு மெதுவோ, யாரு புதுசோ, அவந்தான் ராணி. மீசை இருந்தாலும் ராணிதான். அவனை முன்னால போறவனுக்கு அடுத்த ஆளா விடணும். நீங்க என்ன பண்றீங்க? நேத்து லைசென்ஸ் வாங்கினவனைக் கடைசியில விட்டுட்டு, "மெதுவா வா மச்சான்"னு சொல்லிட்டுப் பறக்குறீங்க. முன்னால போறவன் அறுபதுல போனா, நடுவுல ஒவ்வொருத்தனும் பிரேக் அடிச்சு, மறுபடி முறுக்கி, கடைசி ஆளு உங்களைப் புடிக்க எண்பதுல வரணும். ஓட்டத் தெரிஞ்சவன் அறுபது, தெரியாதவன் எண்பது. கணக்கு எப்படி?

அப்புறம் இந்த ஜோடி ஊர்வலம். ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல, ஊட்டுத் திண்ணையில பேசுறாப்பல பேசிகினு வர்றீங்க. பேசணும்னா திண்ணையே போட்டுத் தர்றேன், இங்க உட்காருங்க. ரோட்டுல ஒருத்தன் இடது தடம், அவனுக்குப் பின்னால வர்றவன் வலது தடம், இப்படி முன்னப்பின்ன மாத்தி வரணும். முன்வண்டி ஒரு புளியமரத்தைத் தாண்டினா, ரெண்டு விநாடி கழிச்சு நீ அந்த மரத்தைத் தாண்டணும். அறுபதுல போனா அது 33 மீட்டர். போளூர்ப் பக்கம் ஜமுனாமரத்தூருக்கு மலை ஏறும்போது இந்த முன்னப்பின்னயும் வேணாம், வளைவுல ஒத்தை வரிசைதான். கூட வர்றவனையே முந்துறது எதுக்குன்னு மட்டும் எனக்கு இன்னும் புரியல. எல்லாரும் ஒரே டீக்கடைக்குத்தானே வர்றீங்க?

உடுப்பெல்லாம் ஜோரா இருக்கு. முட்டிக்குக் கவசம், முழங்கைக்குக் கவசம், கைக்கு உறை. ஹெல்மெட்டு மட்டும் பெட்ரோல் டேங்க் மேல. பரவாயில்ல, டேங்குக்கு அடிபட்டா செலவு ஜாஸ்தி. பின்னால உட்கார்ந்து வந்த பொண்ணுக்கு அதுவும் இல்ல. நான் பேப்பர் படிக்கிறவன் கண்ணு. 2022இல இந்தியாவுல ஹெல்மெட் போடாம செத்தவங்க 50,029 பேருன்னு மத்திய அரசே கணக்குக் குடுத்துச்சு. அதுல 14,337 பேரு பின்னால உட்கார்ந்து வந்தவங்க. ஆக்சிலேட்டரைத் தொடவே இல்லாதவங்க. ஓட்டுறவன் முறுக்கினான், இவங்க போய்ச் சேர்ந்தாங்க. அதனால பின்னால உட்கார்றவங்க மொதல்ல அவன் மூஞ்சியைப் பாருங்க, அப்புறம் ஹெல்மெட்டைக் கேளுங்க.

பயப்படாதீங்க, அரசாங்கம் உங்களுக்கு ஏற்பாடு பண்ணித்தான் வெச்சிருக்கு. நீங்க வந்த மேல்மருவத்தூர்லதான் 2021 டிசம்பர்ல அந்தத் திட்டத்தை ஆரம்பிச்சாங்க, "நம்மைக் காக்கும் 48". விபத்துல அடிபட்டா மொத 48 மணி நேரம் இலவச வைத்தியம். 49ஆவது மணி நேரத்துக்கு உங்க அப்பா நெலத்தை விப்பாரு. வழியில யாராச்சும் விழுந்துட்டா பத்து பேரும் சுத்தி நின்னு தண்ணி ஊத்தாதீங்க, புடிச்சு இழுத்து உட்கார வெக்காதீங்க. ஒருத்தன் 108க்கு அடி. ஒருத்தன் பின்னால கொஞ்ச தூரம் போய், வர்ற வண்டியை நிறுத்து. மத்தவங்க வண்டியை ரோட்டை விட்டு எறக்குங்க. வீடியோ எடுக்குறவன் இருந்தா, அவன் போனைப் புடுங்கி அதுலயே 108க்குப் பேசுங்க.

சரி, தலைவரு யாருப்பா? நீயா? கெத்தா இருக்க. பதினோரு டீ சொன்ன. எண்ணிப் பாரு, குடிச்சது பத்து பேரு. நானும் இவ்வளவு நேரம் பேசிகினே பாக்குறேன், ஒருத்தனாச்சும் பின்னால திரும்பிப் பாக்குறீங்களான்னு. அந்தக் கண்ணாடி எல்லாம் தலை சீவுறதுக்கு வெச்சதா? செங்கம் ரோட்டுல இருந்து கிரிவலப் பாதைக்குத் திரும்புற எடத்துல, பின்னால வர்றவன் கண்ணுக்குத் தெரியுற வரைக்கும் ஒருத்தன் நின்னிருந்தா இந்த வேலை இல்ல. நீங்க திரும்பிட்டீங்க. அவன் நேரா போயிட்டான். அந்த ரோடு செங்கம் போயி, அப்படியே கிருஷ்ணகிரி, பெங்களூரு வரைக்கும் போவும். நல்ல ரோடு.

அட, எல்லாரும் ஏன் எழுந்திருக்கிறீங்க? ஒரு வண்டி போதும். போறவன் மொதல்ல அவனுக்குப் போன் போடு. ஓட்டிகினே எடுக்காத, ஓரமா நின்னு பேசுன்னு சொல்லு. டேங்க் மேல இருக்கிறதைத் தலையில மாட்டு, வாரைப் போடு. ம், கிளம்பு. டீக்காசு பதினொண்ணுக்கும் குடுத்துடு தலைவரே, அவனோடதை நான் குடிச்சிட்டேன்.